கெட்ட கொலஸ்ட்ரால் 150: சாப்பாட்டுத் தட்டை மாற்றுவதா, மாத்திரையா, மருதம்பட்டையா?

லேப் ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், வீடு இரண்டு கட்சியாகிவிடும். "டாக்டர் சொன்னபடி மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க" என்பது ஒரு கட்சி. "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது, முதல்ல வாயைக் கட்டிப் பாருங்க" என்பது இன்னொன்று. இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர் மருதம்பட்டைப் பொடி வாங்கி அனுப்பியிருப்பார். மூன்று வழியிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணுக்கு மூன்று பேரிடம் மூன்று விடை வரும். அந்த எண்ணைச் சுமப்பவருக்கு வயது என்ன, சர்க்கரை உண்டா, புகை உண்டா, அப்பாவுக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வந்தது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் காகிதத்தை ஒழுங்காகப் படிப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலக வேலை பார்க்கும் 46 வயது ஆண் ஒருவரின் ரிப்போர்ட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 210. பல லேப்களில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 42. 228-லிருந்து 36-ஐயும் 42-ஐயும் கழித்தால் 150. அதுதான் அவருடைய எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கவோ, எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கச் சொல்லவோ வேண்டும்.

பல லேப்கள் அச்சடிக்காத ஓர் எண்ணும் இருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள்: 228 − 36 = 192. இதை நான்-எச்.டி.எல். என்பார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பும் இதில் அடங்கிவிடும். நம் பக்கத்து மக்களுக்கு இது ரொம்ப முக்கியம். தெற்காசியர்களிடம் எச்.டி.எல். குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருப்பது வழக்கம். அதனால் மொத்தம் 198 என்று பார்த்து "இருநூறுக்குள்ளதானே" என்று நிம்மதியாகிவிடுகிறோம். அதே ரிப்போர்ட்டில் எச்.டி.எல். 34 என்றால் நான்-எச்.டி.எல். 164. அது நிம்மதியடையும் எண் இல்லை.

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இலக்குகள் தெளிவாக இருக்கின்றன. ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழ். சர்க்கரை நோய் போன்றவற்றால் ஆபத்து அதிகமானவர்களுக்கு 70, 100. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55, 85. லேப் காகிதத்தின் வலது ஓரத்தில் உள்ள 'நார்மல் ரேஞ்ச்' இந்த வித்தியாசம் எதையும் பார்க்காது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் கல்லூரி மாணவருக்கும் அதே ரேஞ்சைத்தான் அச்சடிக்கும்.

இப்போது அந்த 150-ஐ மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். மஞ்சக்குப்பத்துக்காரருக்கு சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகை இல்லை. இடுப்புச் சுற்றளவு மட்டும் 96 செ.மீ. (நமக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக்கூடாது.) புதுச்சேரி லாஸ்பேட்டையில் 52 வயதுப் பெண், பத்து வருடமாகச் சர்க்கரை. முதலியார்பேட்டையில் 60 வயதுக்காரர், போன வருடம் ஸ்டென்ட் வைத்தவர். முதல் ஆள் மூன்று மாதம் தட்டை மாற்றிப் பார்க்கலாம். இரண்டாமவருக்கு மாத்திரையும் தட்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். மூன்றாமவர் ஏற்கெனவே மாத்திரையில் இருந்தும் 150 என்றால், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். போகிறது என்றால் டோஸ் போதவில்லை.

எந்த வழியானாலும் அதற்கு முன் ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும், தைராய்டைச் சரிசெய்தால் தானாக இறங்கவும் செய்யும். கடும் காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்குள் எடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். உடம்பு நோயோடு போராடும்போது கொலஸ்ட்ரால் பொய்யாகக் குறைந்து காட்டும்.

தட்டை மாற்றும் வழி

உணவால் எவ்வளவு குறையும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நன்றாகக் கடைப்பிடித்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 150 என்பது 130 பக்கம் வரும். டிரைகிளிசரைடில்தான் பெரிய மாற்றம் தெரியும்; உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் அது ஐந்தில் ஒரு பங்குகூட விழலாம்.

நம் ஊர்ச் சமையலில் எல்.டி.எல்.-ஐ ஏற்றுவது உறைகொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு. முட்டையையும் இறாலையும் குற்றவாளியாக்கி, உறைகொழுப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் உறைகொழுப்பு மிகக் குறைவு. வாரத்துக்கு ஒருநாள் இறால் தொக்கு பெரிய கேடில்லை. தினமும் காலையில் வரும் தேங்காய்ச் சட்னியைப் பாருங்கள். 30 கிராம் தேங்காய்த் துருவல், அதாவது ஒரு குழிக்கரண்டிச் சட்னிக்குள் போவது, ஏறக்குறைய 9 கிராம் உறைகொழுப்பு. நாள் முழுக்க ஒருவருக்கு 15 கிராம் அளவில் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. காலை எட்டு மணிக்கே பாதிக்கு மேல் முடிந்துபோகிறது. தேங்காயை விட்டொழிக்கச் சொல்லவில்லை. பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் முக்கால் பங்கு, தேங்காய் கால் பங்கு என்று அரைத்தால் சட்னி சட்னியாகவே இருக்கும். குருமாவில் தேங்காய்ப் பாலுக்குப் பதில் ஊறவைத்து அரைத்த கசகசாவும் நாலு முந்திரியும் போதும்.

பால் பாக்கெட்டில் இன்னொரு கணக்கு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. அரை லிட்டர் ஆரஞ்சு குடித்தால் 30 கிராம் கொழுப்பு, அதில் 19 கிராம் அளவுக்கு உறைகொழுப்பு. நீலத்துக்கு மாறினால் பாதி. காபியின் ருசி இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில்தான் விவாதம் ஓய்வதில்லை. உறைகொழுப்பு ஏறக்குறைய இப்படி: சூரியகாந்தி 11 சதவீதம், நல்லெண்ணெய் 14, கடலை எண்ணெய் 17 முதல் 20, தவிட்டு எண்ணெய் 20 சொச்சம், பாமாயில் 50, நெய் 60-க்கு மேல், தேங்காய் எண்ணெய் 80-க்கு மேல். விருத்தாசலம் பக்கம் கடலை விளையும் மண். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இங்கே சுலபமாகக் கிடைக்கும். அதுவும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் போதும். வெளிநாட்டு ஆலிவ் எண்ணெய்க்குக் காசு கொட்ட அவசியமில்லை. செக்கு எண்ணெய் என்பதற்காக அளவைக் கூட்டக்கூடாது. எந்த எண்ணெயும் ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, நாலு பேர் வீட்டில் 2 லிட்டரை மாத முதல் தேதியில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துபோனால் எங்கே ஒழுகுகிறது என்று அப்போது தெரியும். அநேகமாக அப்பளமும் வடைச்சட்டியும்தான்.

ரேஷன் பாமாயிலை என்ன செய்வது? கார்டுக்கு ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதைத் தூக்கி எறியச் சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு. நாலு பேருக்கு ஒரு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 மி.லி.; அதில் உறைகொழுப்பு 4 கிராமுக்குள். அந்த ஒரு லிட்டரோடு நிறுத்தி, மீதி ஒரு லிட்டரைக் கடலை எண்ணெயாக வாங்கினால் கணக்கு தாங்கும். அடுத்தவர் கார்டில் வாங்கி இரண்டு, மூன்று பாக்கெட் ஓட்டும்போதுதான் சிக்கல். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சக்கூடாது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பு வந்துவிட்டால் அது கெட்டுவிட்டது. பேக்கரி பஃப்ஸ், கிரீம் பன் ஆகியவற்றில் வனஸ்பதி இருக்கும். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்துவிட்டாலும், உறைகொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

கூட்ட வேண்டியது கரையும் நார்ச்சத்து. காராமணி, கொள்ளு, கொண்டைக்கடலைச் சுண்டல், அவரை, வெண்டை, கொய்யா. தினம் ஒரு கிண்ணம் சுண்டல் என்பது எண்ணெய் மாற்றுவதைவிடச் சுலபமான காரியம். இசப்கோல் உமி ஒரு மேசைக்கரண்டி காலையிலும் ஒன்று இரவிலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் மாத்திரை நாரோடு ஒட்டி வீணாகும்.

டிரைகிளிசரைடு ஏறியவர் எண்ணெயைக் குறைத்துவிட்டு இரண்டு தட்டு வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டால் பலனில்லை. மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடும். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு ஒரு கரண்டிப் பொரியல் வையுங்கள். பண்ருட்டிப் பலா சீசனில் நாலைந்து சுளை போதும். முந்திரி வறுக்காமல் ஒரு சின்னக் கைப்பிடி நல்லதே. மதுவைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் புதுச்சேரியில். டிரைகிளிசரைடு 500 தாண்டிய ஒருவர் குடித்துக்கொண்டிருந்தால் மாரடைப்புக்கு முன்பே கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடலாம். அவருக்கு முதல் மருந்து குடியை நிறுத்துவது.

மீன் நமக்கு வாய்த்த வரம். கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ வஞ்சரத்தைவிடப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் ஒமேகா-3 கொழுப்பு அதிகம். வாரம் இரண்டு நாள், குழம்பாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்து வரும் சின்ன மீன்கள் வரத்தான் செய்கின்றன. ஒமேகா-3 டிரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்.-ஐக் குறைக்காது, எனவே மீன் சாப்பிட்டும் எல்.டி.எல். இறங்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். கருவாட்டில் பயப்பட வேண்டியது உப்புக்கு, பிரஷர் உள்ளவர்கள் குறிப்பாக.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். தேவனாம்பட்டினம் கடற்கரையோ புதுச்சேரி பீச் ரோடோ, காலை நேரம் நல்லது. நடையால் எல்.டி.எல். அதிகம் அசையாது. பிரஷர், சர்க்கரை, இடுப்பு, டிரைகிளிசரைடு எல்லாம் அசையும். இதயத்துக்கு அத்தனையும் கணக்கில் வரும்.

மாத்திரை வழி

கொலஸ்ட்ராலுக்குத் தரப்படும் ஸ்டாடின் வகை மாத்திரை என்றாலே 'இங்கிலீஷ் கெமிக்கல்' என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-ல் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்துதான். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது மட்டுப்படுத்தும். தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து கல்லீரல் இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் எல்.டி.எல். குறையும்.

150 உள்ளவர் அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எடுத்தால் 95 பக்கம் வரலாம். ரோசுவாஸ்டாடின் 10 எடுத்தால் 80 சொச்சம். டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். அதனால் இலக்கு எட்டாவிட்டால் டோஸை ஏற்றிக்கொண்டே போவதைவிட எஸெடிமைப் 10 மி.கி. சேர்ப்பது பல சமயம் புத்திசாலித்தனம். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, மீதியில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். ரோசுவாஸ்டாடின் ஆசியர்களின் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும் என்பதால் 5 மி.கி.-யில் தொடங்கும் மருத்துவர்கள் உண்டு. டோஸ் குறைவு என்று சந்தேகப்பட வேண்டாம்.

எல்.டி.எல். ஏறக்குறைய 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை. மூன்று வழிகளில் இந்த அளவுக்குச் சான்று உள்ளது இதற்குத்தான். ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய லாபம். ஆபத்தே குறைவான 30 வயதுக்காரருக்குச் சின்ன லாபம். முதல் ஆளும் இரண்டாம் ஆளும் பிரிகிற இடம் இதுதான்.

தசைவலி வரும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஸ்டாடினைப் பக்கவிளைவுக்காக நிறுத்தியவர்களுக்கு சில மாதம் ஸ்டாடினும் சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரையும், எது எதென்று சொல்லாமல், கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று சொல்லக்கூடாது, வலி உண்மைதான்; அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை அல்ல. இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்து, பலவீனமாகி, சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை அளவு லேசாக ஏறலாம். எல்லையில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் அடோர்வாஸ்டாடினோடு மோதும்; சளிக்காகப் போகும் இடத்திலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். ராத்திரி மறந்துபோகிறவர்கள் காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் அட்டையை வையுங்கள். நாம் அதிகம் பார்க்கும் தவறு வேறு: மூன்று மாதத்தில் ரிப்போர்ட் 88 என்று வந்ததும், 'குணமாகிவிட்டது' என்று நிறுத்துவது. சில வாரத்தில் எண் பழையபடி 150-க்குப் போய்விடும். மருந்துக்கு அடிமையானதால் அப்படி நடப்பதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி மறுபடி உருள்கிறது, அவ்வளவுதான். பணம் தடையென்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து ஜெனரிக் பெயரில் மலிவாகக் கிடைக்கும். அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மருதம்பட்டை, பூண்டு, வெந்தயம்

வெந்தயமும் பூண்டும் கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. சமையலில் தாராளமாகச் சேருங்கள். மருதம்பட்டைக்கு நம் மருத்துவ மரபில் நீண்ட பெயர் இருக்கிறது. ஆனால் அது மாரடைப்பைத் தடுத்தது என்று பெரிய அளவில் நிரூபித்த ஆய்வு இல்லை. மஞ்சக்குப்பத்துக்காரர் அந்த மூன்று மாத அவகாசத்தில் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடித்தால் தடையில்லை. ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. ஸ்டென்ட் உள்ளவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைத் திடீரென விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிரே போகலாம். பூண்டுக் காப்ஸ்யூலும் அந்த மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். லேபிள் இல்லாத பொட்டலப் பொடி வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய சாறு 'அடைப்பைக் கரைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குச் சான்று எதுவுமில்லை.

முடிவு எடுக்கத் தயங்கும்போது

முதல் ஆளைப் போல நடுவில் நிற்பவர்களுக்கு இரண்டு பரிசோதனை உதவும். ஒன்று, ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் (ஏ). இது பிறப்பிலேயே அமைவது, ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி.-க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். மாத்திரைப் பக்கம் சாயலாம். மற்றது இதயத்துக்கான கால்சியம் ஸ்கேன். பூஜ்யம் வந்தால், புகையும் சர்க்கரையும் குடும்ப வரலாறும் இல்லாதவர் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். 100-க்கு மேல் என்றால் யோசிக்க ஏதுமில்லை, மாத்திரைதான். 'டி.எம்.டி. (டிரெட்மில் பரிசோதனை) நார்மல்' என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெரிய அடைப்பைத்தான் அது காட்டும். மாரடைப்போ பல சமயம் சின்னப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் கட்டுவதால் வருகிறது.

எல்.டி.எல். 190-க்கு மேல் என்றால் தட்டை மாற்றிப் பார்க்கும் அவகாசமே கிடையாது. குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் தடித்திருந்தால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவர்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். தட்டு வழியில் போகிறவர் பன்னிரண்டு வாரம் கழித்து, மாத்திரை வழியில் போகிறவர் நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை அதே லேபில் மறுபடி எடுக்க வேண்டும். மஞ்சக்குப்பத்துக்காரருக்கு 130-க்குக் கீழே இறங்காமலோ, இடுப்பு அசையாமலோ இருந்தால், இன்னும் மூன்று மாதம் என்று தள்ளாமல் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.

நெஞ்சுவலி வந்த ராத்திரிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமா, நேரே புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையா? நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வெறும் மூச்சுத்திணறலாகவோ வாந்தியாகவோ வரலாம். கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். ஜிப்மர் அரை மணியில் எட்டும் தூரமென்றால் ஆம்புலன்ஸில் நேரே போகலாம். விருத்தாசலம், திட்டக்குடி பக்கமென்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் நின்று ஈ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கேயே போட முடியுமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புவார்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.